வாசலில் நின்றவரின் பை: அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இது நடந்த இரவில் பணிமருத்துவர் நான்தான். இதில் வரும் தவறுகளில் பெரும்பங்கு என்னுடையது. அதனால் "மருத்துவக் குழு முடிவெடுத்தது" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் நான் என்றே எழுதுகிறேன். நோயாளி, அவருடைய மகன், மருமகள் மூவரும் இதை எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

எங்கள் பிரிவில் 14 படுக்கைகள். ஒரு நோயாளிக்கு ஒருவர்தான் உடன் வரலாம். வாசலில் காவலர் இருப்பார். இந்த விதியைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. இரண்டு படுக்கைகளுக்கு நடுவே ஸ்ட்ரெச்சரைத் திருப்புவதே எங்களுக்குப் பெரும்பாடு. ஒரு குடும்பத்தில் ஆறு பேர் சூழ்ந்து நின்றதால் செவிலியர் மருந்து ஏற்ற முடியாமல் தவித்த இரவுகள் உண்டு. கைகலப்பில் முடிந்த இரவுகளும் உண்டு. அவற்றுக்குப் பிறகுதான் இந்த விதி வந்தது.

விதி "ஒருவர்" என்று சொல்கிறது, எவர் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியை வழக்கம் நிரப்பிவிட்டது. ஃபைல் யார் கையில் இருக்கிறதோ, கையெழுத்துப் போடப்போவது யாரோ, பணம் கட்டப்போவது யாரோ, அவர் உள்ளே வருவார். பெரும்பாலும் அது குடும்பத்து ஆண். இப்படி யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. வாசலில் "யார் வரீங்க?" என்று கேட்டால் மற்றவர்கள் தாமாகவே ஒதுங்கி அவருக்கு வழி விடுகிறார்கள், அவ்வளவுதான்.

நோயாளிக்கு 68 வயது. மருமகளோடு ஒரே வீட்டில் இருக்கிறார். மகனுக்கு வெளியூரில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து போவார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு அன்று மாலைதான் வந்து சேர்ந்திருந்தார். வந்த மூன்று மணி நேரத்தில் அம்மா பிதற்றத் தொடங்கியதும் கணவனும் மனைவியுமாக எங்களிடம் கூட்டிவந்தார்கள். மகன் உள்ளே வந்தார், மருமகள் வெளியே நின்றார்.

இரவு 10:40: வந்தபோது கண்டது

இரண்டரை நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு. மாலையிலிருந்து மனக்குழப்பம். ரத்த அழுத்தம் 78/40, நாடித்துடிப்பு 118, மூச்சு நிமிடத்துக்கு 24, லேசான காய்ச்சல். ரத்தச் சர்க்கரை 64. கை கால் குளிர்ந்திருந்தன. எடை ஏறக்குறைய 52 கிலோ.

மகனிடம் முந்தைய நோய்களைக் கேட்டேன். பொறுப்பாகத்தான் பதில் சொன்னார். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டினார். அதில் ரத்த அழுத்தம் மட்டுமே இருந்தது. வேறு மாத்திரை எதுவும் உண்டா என்றேன். "மூட்டு வலிக்கு ஏதோ சாப்பிடுவாங்க டாக்டர்" என்றார். கேஸ் ஷீட்டில் "வலி மாத்திரை" என்று எழுதினேன்.

இந்த நிகழ்வு முழுவதும் அந்த இரண்டு சொற்களில் அடங்கியிருக்கிறது. அவர் சொன்னது மூட்டு வலிக்கான மாத்திரை. நான் எழுதியது வலி மாத்திரை. கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் சாதாரண வலிநிவாரணியை மனதில் வைத்துக்கொண்டு, அதனால் சிறுநீரகம் பாதித்திருக்குமா, குடலில் ரத்தக்கசிவு இருக்குமா என்று யோசித்தேன். மாத்திரையின் பெயரென்ன, எவ்வளவு நாளாக, எந்த மருத்துவர் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் "தெரியாது" என்ற பதில் வந்திருந்தால் தெரிந்தவர் யார் என்று அடுத்த கேள்வி பிறந்திருக்கும்.

முதல் இரண்டு மணி நேரம்

செப்சிஸ், அதாவது தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை, என்று எடுத்துக்கொண்டு சிகிச்சை தொடங்கினோம். அந்த நிலையில் அது நியாயமான முடிவுதான், இன்றைக்கும் அப்படியே தொடங்குவேன். குளுக்கோஸ் கொடுத்தோம். வளர்ப்புச் சோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு 11:10-க்கு ஆன்டிபயாடிக் ஏற்றினோம். எடைக்குக் கிலோவுக்கு 30 மி.லி. என்ற கணக்கில் ஒன்றரை லிட்டர் சலைன், அப்புறம் இன்னும் அரை லிட்டர். அழுத்தம் 82/44-க்கு மேல் ஏறவில்லை.

இதற்கிடையில் அவர் அமைதியின்றி இருந்தார். டிரிப் ஊசியைப் பிடுங்கினார், எழுந்து உட்காரப் பார்த்தார். "பாப்பா, பாப்பா" என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். டெலிரியத்தில், அதாவது நோயால் திடீரென்று வரும் மனக்குழப்பத்தில், ஏதோ குழந்தையைத் தேடுகிறார் என்று நினைத்தோம். கேஸ் ஷீட்டில் "சம்பந்தமில்லாமல் பேசுகிறார்" என்று ஒரு வரி இருக்கிறது. பக்கத்தில் நின்ற மகன் கையைப் பிடித்துச் சமாதானம் செய்து பார்த்தார், முடியவில்லை. 11:30-க்கு இரண்டு மணிக்கட்டுகளையும் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டினோம். மகனை ஓரமாக நிற்கச் சொன்னோம். கைபேசியையும் சைலன்ட்டில் போடச் சொன்னோம்.

11:45-க்கு ரத்தச் சர்க்கரை மறுபடி 58. குளுக்கோஸ் கொடுத்து ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப இறங்கியது கவனித்திருக்க வேண்டிய அறிகுறி. சாப்பிடாமல் இருந்ததால் இருக்கும் என்று கடந்துபோனேன். 12:05-க்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் தொடங்கினோம். 12:30-க்குப் பரிசோதனை முடிவுகள் வந்தன: சோடியம் 124, பொட்டாசியம் 3.9, கிரியேட்டினின் 1.8, லாக்டேட் 3.4.

திரவத்துக்கு மசியாத குறைந்த அழுத்தம், குறைந்த சோடியம், திரும்பத் திரும்ப இறங்கும் சர்க்கரை, வாந்தி. பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துப் படித்தால் எவரும் அட்ரினல் சுரப்பியை நினைப்பார்கள். எனக்கும் ஒரு கணம் தோன்றியது. பொட்டாசியம் இயல்பாக இருப்பதைப் பார்த்து அதை ஒதுக்கிவிட்டேன். பொட்டாசியம் ஏறுவது சுரப்பியே கெட்டுப்போனவர்களிடம் காணப்படும் அடையாளம். ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டதால் சுரப்பி தூங்கிப்போனவர்களுக்குப் பொட்டாசியத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹார்மோன் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. இவர் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் என்பதுதான் தெரியாது.

அதே நேரம், கதவுக்கு வெளியே

இந்தப் பகுதியைப் பின்னால் மருமகளிடமும் காவலரிடமும் கேட்டுத் தொகுத்தேன்.

அவர் மூன்று முறை காவலரிடம் வந்திருக்கிறார். முதல் முறை, "அத்தை எப்படி இருக்காங்கண்ணே?" என்று கேட்டிருக்கிறார். இரண்டாம் முறை, "மாத்திரை விஷயமா டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றிருக்கிறார். "உள்ளேதான் உங்க வீட்டுக்காரர் இருக்காரே, அவர்கிட்ட போன்ல சொல்லுங்கம்மா" என்று பதில் வந்தது. கோபமாகச் சொல்லவில்லை, நல்லபடியாகத்தான் சொன்னார். கணவருக்கு நான்கு முறை போன் செய்திருக்கிறார். நாங்கள் சைலன்ட்டில் போடச் சொன்ன போன் அது. மூன்றாம் முறை வந்தபோது காவலர் வேறொரு ஸ்ட்ரெச்சருக்குக் கதவு திறந்துகொண்டிருந்தார். மருமகள் திரும்பிப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

காவலர் தனக்குச் சொல்லப்பட்ட விதியை அப்படியே பின்பற்றினார். "மருந்து பற்றிச் சொல்ல வேண்டும்" என்று ஒருவர் வந்தால் செவிலியரைக் கூப்பிட வேண்டும் என்று நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. நோயாளிகளின் குடும்பத்தாரை எங்களைவிட அதிக நேரம் பார்ப்பவர் அவர்தான். ஆனால் எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவருக்கு நாற்காலி போட்டதில்லை.

12:50

மூத்த செவிலியர் ஒருவர் ரத்தப் பையை வாங்க வெளியே போனவர், பெஞ்சில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்திருக்கிறார். "யாருக்காகம்மா உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டதற்கு, "உள்ளே இருக்கிறவங்க எங்க அத்தை. அவங்க மாத்திரை எல்லாம் என்கிட்டதான் இருக்கு" என்றார். செவிலியர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நேராக உள்ளே கூட்டிவந்தார். என்னிடம் அனுமதி கேட்டிருந்தால், "இப்போ வேண்டாம், மகன் இருக்கிறாரே" என்றுதான் சொல்லியிருப்பேன்.

மருமகள் பையைத் திறந்து மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தார். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, தினமும் 7.5 மி.கி., 14 மாதங்களாக. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். ஃபோலிக் ஆசிட். முடக்குவாதத்துக்கு ஒரு மூட்டு மருத்துவர் எழுதியவை. "செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து எதுவும் வயித்துல தங்கல டாக்டர். கொடுத்தேன், கொடுத்ததும் வாந்தி. அப்புறம் வெறும் வயித்துல எதுக்குன்னு நானே நிறுத்திட்டேன்" என்றார்.

என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம்: "இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு மணி நேரமாக அதைச் சொல்லத்தான் முயன்றுகொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாதது காரணமாகலாம், சமாதானமாகாது.

கார்டிசால் அளவுக்கு ரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் 12:58-க்கு ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை 100 மி.கி. சிரை வழியாகக் கொடுத்தோம். மருத்துவம் சாராத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். பிரெட்னிசோலோன் மாதிரியான மாத்திரையைச் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால், வெளியிலிருந்து வருவது போதும் என்று, கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும் உடலின் சொந்த அட்ரினல் சுரப்பி ஓய்வெடுத்துவிடும். திடீரென்று மாத்திரை நின்றால் அதனால் உடனே எழுந்து வேலை செய்ய முடியாது. காய்ச்சல், வாந்தி என்று வரும்போது உடலுக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு கார்டிசால் தேவை. தேவை ஏறுகிற அதே நேரத்தில் வரவு நிற்கிறது. சரியான ஊசி போடாவிட்டால் உயிரே போகலாம்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருமகள் உள்ளே வராமலே இருந்திருந்தாலும் இவருக்கு ஒரு கட்டத்தில் ஸ்டீராய்டு போய்ச் சேர்ந்திருக்கலாம். செப்சிஸால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும் அதிர்ச்சி நிலையில் நார்அட்ரினலினின் அளவு ஒரு வரம்பைத் தாண்டி, தொடங்கி நான்கு மணி நேரமாவது ஆன பிறகும் தேவைப்பட்டால் ஹைட்ரோகார்டிசோனைச் சேர்க்கலாம் என்பது 2021-இன் சர்வதேச வழிகாட்டுதல். அதன்படி விடியற்காலை நான்கு மணிக்கு மேல்தான் அந்தக் கேள்வி எழுந்திருக்கும். அந்த மூன்று மணி நேரத்தில் அவர் தாங்கியிருப்பாரா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அவரை உள்ளேயே வைத்துக்கொண்டது ஏன்

தகவல் கிடைத்துவிட்டது, நன்றி சொல்லி வெளியே அனுப்பிவிடலாம். வழக்கமாக அப்படித்தான் செய்திருப்போம். ஆனால் அவர் கட்டிலருகே வந்ததும் நடந்த ஒன்று எங்களை நிறுத்தியது.

நோயாளி அவரைப் பார்த்து "பாப்பா" என்றார். மருமகளை அவர் வீட்டில் கூப்பிடுவது அப்படித்தான். ஒன்றரை மணி நேரமாக அவர் சம்பந்தமில்லாமல் பேசவில்லை, தனக்கு வேண்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் அதை நோயின் அறிகுறியாகக் குறித்து வைத்தோம்.

மருமகள் தலைமாட்டில் நின்று நெற்றியில் கை வைத்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். சில நிமிடங்களில் நோயாளி கையை இழுப்பதை நிறுத்தினார். 1:15-க்குக் கட்டுகளை அவிழ்த்தோம். மயக்க ஊசி தயாராக இருந்தது, போடவில்லை. அந்த அழுத்தத்தில் மயக்க மருந்து கொடுப்பது எனக்குப் பயமாகவும் இருந்தது. டெலிரியத்தில் இருக்கும் முதியவருக்குப் பழகிய முகமும் குரலும் அருகில் இருப்பது மருந்துக்கு முன் செய்ய வேண்டியது என்பது புதிய செய்தியும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தும் அவசர சிகிச்சைப் பிரிவில் அதிகம் நடக்காத காரியம் அது.

அடுத்து, கழுத்துச் சிரையில் குழாய் போட வேண்டியிருந்தது. நார்அட்ரினலினைக் கைநரம்பு வழியாக நெடுநேரம் ஓட்ட விரும்பவில்லை. அப்போது அவர் அங்கே இருக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. குழாய் போட இருந்த இளம் மருத்துவர் வெளிப்படையாகவே சொன்னார்: "அவங்க பார்த்துக்கிட்டு இருந்தா எனக்குக் கை நடுங்கும்." அப்படிச் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன். கையுறையை வாங்கி நானே போட்டேன்.

இருக்கட்டும் என்று முடிவெடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. குடும்பத்தார் சிகிச்சையைப் பார்க்கலாமா என்ற விவாதம் பழையது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபூட் மருத்துவமனையில் 1982-இல், உயிர்மீட்புச் சிகிச்சை நடக்கும்போது உறவினர்கள் உள்ளே இருந்தே தீருவோம் என்று நின்ற சம்பவங்களிலிருந்துதான் இது ஒரு முறையான திட்டமாகத் தொடங்கியது. பிரான்சில் வீட்டிலேயே இதயம் நின்றவர்களின் 570 உறவினர்களை வைத்து 15 அவசர மருத்துவக் குழுக்கள் நடத்திய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. பார்க்கும்படி அழைக்கப்பட்டவர்களைவிட, வழக்கம்போல விடப்பட்ட குடும்பங்களில்தான் பின்னாளில் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் அதிகம் இருந்தன. உறவினர் இருந்ததால் சிகிச்சை கெடவில்லை, மருத்துவக் குழுவின் பதற்றம் கூடவில்லை, வழக்கும் வரவில்லை. கழுத்தில் குழாய் போடுவதும் உயிர்மீட்பும் ஒன்றில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் பயந்தது வழக்குக்கும் பதற்றத்துக்கும்தான், அந்தப் பயத்துக்கு அந்த ஆய்வில் பதில் இருந்தது.

இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. அவர் போனால் நோயாளி மறுபடி தலையை அசைப்பார். கழுத்தில் ஊசி இருக்கும்போது அது நடக்கக்கூடாது.

முகக்கவசம் கொடுத்து, குழாய் போடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்தோம். என்ன நடக்கப்போகிறது, எப்போது ரத்தம் தெரியும், தலை சுற்றினால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னோம். அந்த மூத்த செவிலியரை வேறு வேலை இல்லாமல் அவருடனே நிற்கச் சொன்னேன். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாவிட்டால் மற்றவை பயன்படாது. ஒரு குடும்பத்தாரை உள்ளே விட்டுவிட்டு யாரும் அவரோடு பேசாமல் இருப்பது, வெளியே நிறுத்துவதைவிட மோசம்.

2:15-க்கு நார்அட்ரினலினைப் பாதியாகக் குறைக்க முடிந்தது. காலை ஆறு மணிக்கு நிறுத்தினோம்.

மகனின் பக்கம்

இந்தப் பகுதியைத்தான் நாங்கள் சரியாகக் கையாளவில்லை.

மருமகள் வந்த நொடியிலிருந்து எங்கள் கேள்விகள், பார்வை, பேச்சு எல்லாம் அவர் பக்கம் திரும்பிவிட்டன. அதுவரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்ட மகன் சுவரோரம் நின்றார். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முன்னிலையிலேயே, "இது ஸ்டீராய்டு, ஒரு வருஷத்துக்கு மேல சாப்பிட்டிருக்காங்க" என்று உரக்கச் சொன்னேன். அவருக்கு அது புதிய செய்தி. இரண்டு மணி வாக்கில் நடைபாதையில் என்னிடம் வந்து, "மூட்டு வலிக்குச் சாப்பிடுறாங்கன்னு நான் சொன்னேனே டாக்டர்" என்றார். உண்மைதான், சொன்னார்.

அவருக்கு ஏன் தெரியாது என்பது அடுத்த நாள் நோயாளி தெளிந்த பிறகு தெரியவந்தது. முடக்குவாதம் என்று தெரிந்தால் மகன் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான் என்று பயந்து, அவனிடம் சொல்லாதே என்று மருமகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். மருமகள் அந்தச் சொல்லை 14 மாதம் காப்பாற்றியிருக்கிறார். வாசலில் நின்றபோதும் கணவருக்கு ஒரு குறுஞ்செய்தியில் மருந்தின் பெயரை எழுதி அனுப்பாமல், மருத்துவரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று அவர் முயன்றதற்கு இதுவும் காரணம். அந்த ரகசியத்தை நான் ஒரே வாக்கியத்தில் போட்டு உடைத்தேன்.

நோயாளி சுயநினைவோடு முடிவெடுக்க முடியாத நிலையில் இருக்கும்போது குடும்பத்தார் சொல்வதைக் கேட்டுக்கொள்வது அந்தரங்க மீறல் ஆகாது. யார் சொன்னாலும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நாம் வாய் திறந்து சொல்லும்போதுதான் மீறல் தொடங்குகிறது. அன்று மகனுக்குத் தெரிய வேண்டியிருந்தது "ஒரு ஹார்மோன் குறைவு, அதற்கு ஊசி போடுகிறோம், நிலைமை கவலைக்கிடம்" என்பது மட்டும்தான். நோயின் பெயரும் எத்தனை மாதம் என்பதும் அம்மா கண் விழித்தபின் அவரே சொல்லியிருக்க வேண்டிய செய்தி.

இரண்டரை மணிக்கு மகன், மருமகள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினேன். மருமகள் கேட்டது ஒன்றே ஒன்று: "நான் நிறுத்தினதுனாலதானா?" இந்தக் கேள்விக்கு "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று தட்டிவிடுவது சுலபம். அது பொய். மாத்திரை நின்றதும் ஒரு காரணம்தான். நான் சொன்னது இது: "மாத்திரை உடம்புக்குள்ள போகாததுதான் காரணம். நீங்க நிறுத்தாம இருந்தாலும் வாந்தியில அது தங்கியிருக்காது. இப்படி ஆனா உடனே ஊசி போடணும்னு இந்த மாத்திரையை எழுதினப்பவே உங்களுக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல. அது எங்க தரப்புத் தப்பு." கணவர் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மனைவியிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர்களுக்குள் அப்புறம் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தேவையில்லாத விஷயம்.

முன்பு வாசலில் நிறுத்தியதற்கும், "ஏன் சொல்லல" என்று கேட்டதற்கும் அப்போதே மன்னிப்புக் கேட்டேன்.

பின் வந்த நாட்கள்

ஹைட்ரோகார்டிசோனை நாளொன்றுக்கு 200 மி.கி. என்ற அளவில் தொடர்ந்தோம். மறுநாள் மாலை நோயாளி தெளிவாகப் பேசினார். கார்டிசால் அளவு எதிர்பார்த்தபடி மிகக் குறைவாக வந்தது. ரத்த வளர்ப்பில் கிருமி எதுவும் வளரவில்லை. அதனால் தொற்றே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர், எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது ஏதோ ஒரு குடல் தொற்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். சோடியம் மெல்ல ஏறியது, சிறுநீரகம் தேறியது. ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார்.

போகும் முன் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னோம். இந்த மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், எவ்வளவு என்பதை எழுதிக் கொடுத்தோம். வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும், வந்ததும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 2020-இலிருந்து இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு அவசர அட்டை ஒன்று கொடுக்கிறார்கள். அதைப் பார்த்து நாங்களும் ஒரு சிறிய அட்டை தயாரித்துக் கொடுத்தோம். "பாப்பாகிட்ட ஒண்ணு, இவன்கிட்ட ஒண்ணு குடுங்க. என்கிட்ட வேண்டாம், நான் தொலைச்சிடுவேன்" என்றார் நோயாளி. மூன்று அட்டைகளாகவே கொடுத்தோம்.

மாற்றியவையும் மாறாதவையும்

ஒன்பது நாள் கழித்து ஒரு கூட்டம் நடத்தினோம். மருத்துவர்கள், செவிலியர்களோடு அந்தக் காவலரையும் அழைத்தோம். அவர் முதலில் வரத் தயங்கினார், தன்மேல் பழி விழப்போகிறது என்று நினைத்திருக்கிறார். கூட்டத்தில் பயனுள்ள கேள்வியைக் கேட்டதும் அவர்தான்: "முக்கியமான விஷயம் சொல்லணும்னு தினமும் இருபது பேர் சொல்றாங்க சார். அதுல எது முக்கியம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தோம். மருந்து, ஒவ்வாமை, "இவங்க எப்பவும் இப்படி இருக்க மாட்டாங்க" ஆகிய மூன்றில் ஒன்றை யார் சொன்னாலும், உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காவலர் ஒரு பொத்தானை அழுத்துவார், ஒரு செவிலியர் வெளியே வருவார். மூன்றாவதைச் சேர்க்கச் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், எல்லோரும் அதைத்தானே சொல்வார்கள் என்றார்கள். சொல்லட்டும் என்பது என் கருத்து. இங்கிலாந்தில் 2021-இல் மார்த்தா என்ற 13 வயதுச் சிறுமி செப்சிஸால் இறந்தாள். மகளின் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னது எடுபடவில்லை. அதன் விளைவாக 2024 முதல் அங்கே நடைமுறைக்கு வரத் தொடங்கிய மார்த்தா விதி, குடும்பத்தார் கவலைப்பட்டால் வேறொரு குழுவை நேரடியாக அழைத்துப் பார்க்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே மாதிரியான ரையன் விதி அதற்கும் முன்னதாகவே வந்துவிட்டது. எங்கள் பொத்தான் அவற்றோடு ஒப்பிடக்கூடியதில்லை. ஆனால் திசை அதுதான்.

நோயாளி வந்ததும் அவசரத்தை மதிப்பிட்டு எழுதும் டிரையாஜ் தாளில் "பொறுப்பாளர்" என்ற கட்டத்துக்கு மேலே புதிதாக ஒரு கட்டம் சேர்த்தோம்: "கடந்த மூன்று நாள் நோயாளியுடன் இருந்தவர் யார்? இப்போது எங்கே இருக்கிறார்?" கையெழுத்துப் போடுபவரும் விவரம் தெரிந்தவரும் ஒருவராக இருந்தால் நல்லது. இல்லையென்றால் விவரம் தெரிந்தவர் முதல் 15 நிமிடத்துக்கு உள்ளே வர வேண்டும், மற்றவர் அதன் பிறகு வரலாம். டெலிரியத்தில் இருப்பவருக்கு இந்த 15 நிமிட வரம்பு கிடையாது. கைகளைக் கட்டும் முன், பழகியவர் யாரையாவது அழைத்துப் பார்த்தாயிற்றா என்று கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். கைபேசியைச் சைலன்ட்டில் போடச் சொல்வதை நிறுத்திவிட்டோம்.

ஒரு மாதம் கழித்துத் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். பகல் ஷிஃப்டில் அந்தக் கட்டம் பெரும்பாலும் நிரம்பியிருந்தது. இரவில் பல தாள்களில் காலி. சில தாள்களில் "மகன்" என்று மட்டும் எழுதி, கீழே பொறுப்பாளர் கட்டத்திலும் "மகன்" என்று இருந்தது. கேட்டு எழுதியதா, பழக்கத்தில் எழுதியதா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் பணியில் இருந்த ஒரு இரவின் தாளிலும் அப்படி ஒன்று இருந்தது.

யாருமே உடன் வராதவர்களுக்கு இந்தக் கட்டத்தால் எந்தப் பயனும் இல்லை. முதியோர் இல்லத்திலிருந்து வருபவர்களுக்கு அங்கே போன் செய்து கேட்கிறோம். தெருவிலிருந்து ஆம்புலன்ஸில் வருபவர்களுக்கு ஊர்தியில் வந்த பணியாளர் போவதற்கு முன் நிறுத்திக் கேட்கிறோம், அதுவும் அவர் அவசரத்தில் இல்லாதபோது. இன்னும் இதற்குச் சரியான ஏற்பாடு எங்களிடம் இல்லை. கடந்த வாரம் ஒரு தாளில் அந்தக் கட்டத்தில் இரவுச் செவிலியர் ஒருவர் எழுதியிருந்தார்: "வீட்டு வேலைக்கு வரும் அம்மா. வாசலில் பெஞ்சில் இருக்கிறார். கூப்பிட்டாயிற்று."